கடைசிச் சம்பளம்: கணக்கு முடிக்கும் நாள் எது?

(“வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடைசிச் சம்பளம் எப்போது?” என்ற தலைப்பில் பிரிக்பீல்ட்ஸில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் இரண்டு தரப்பிலும் நன்றாகப் பேசினார்கள். முதலாளிகள் பக்கம் பேசிய அண்ணன், “கடையில் சரக்கு சரிபார்க்க வேண்டும், சாவி வாங்க வேண்டும், முன்பணம் கழிக்க வேண்டும். அடுத்த மாதம் வா, கணக்குப் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னால் என்ன தப்பு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தொழிலாளர் பக்கம் பேசிய தங்கை, “நான் உழைத்த காசை வாங்க நான் ஏன் மூன்று தடவை நடக்க வேண்டும்?” என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. அதுவும் நியாயமான கேள்விதான்.

என்னை வரலாறு பேசச் சொன்னார் நடுவர். வரலாறு என்றதும் அரசர் கதை, போர்க் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இது நம் பாட்டன் பூட்டன் வாங்காமல் போன சம்பளத்தின் வரலாறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, வழக்கமான மாதச் சம்பளத்தைச் சம்பள காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆனால் வேலையை விட்டுப் போகிறவருக்கு அந்த ஏழு நாள் தவணை கிடையாது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, நோட்டீஸ் காலம் முடிந்து ஒருவர் விலகினால், வேலை முடிகிற அன்றைக்கே சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். இது 20-ஆவது பிரிவு. நோட்டீஸ் இல்லாமல் முதலாளி நிறுத்தினாலும் அன்றைக்கே. நோட்டீஸ் இல்லாமல் தொழிலாளி நின்றுவிட்டால், மூன்றாம் நாளுக்குள். இது 21-ஆவது பிரிவு.

கவனித்தீர்களா? வேலையில் இருக்கிறவன் ஏழு நாள் காத்திருக்கலாம். போகிறவன் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சாதாரணமாக நாம் நினைப்பதற்கு இது நேர்மாறாக இருக்கிறது. “போகிறவன்தானே, மெதுவாகக் கொடுக்கலாம்” என்பதுதான் நம் வழக்கம். சட்டம் ஏன் தலைகீழாக எழுதப்பட்டது? அதற்குப் பதில் சொல்லத்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.

கப்பலில் இறந்தவரின் சம்பளம்

சம்பளத்தைப் பிடித்து வைக்கிற பழக்கம் நேற்று வந்ததில்லை. சாணக்கியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. கூலி கொடுக்காத எசமானுக்கு, கூலியில் பத்தில் ஒரு பங்கு அல்லது ஆறு பணம் அபராதம். அபராதம் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், கொடுக்காத எசமான்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள் என்று அர்த்தம். (சிரிப்பு)

ஆனால் நம் நாட்டுச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கு உண்டு. சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற வழக்கு. கட்டர் என்பவர் 1793-இல் ஜமைக்காவிலிருந்து லிவர்பூல் போகிற கப்பலில் இரண்டாம் நிலை மாலுமியாகச் சேர்ந்தார். கப்பல் ஊர் போய்ச் சேர்ந்ததும் 30 கினி சம்பளம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆகஸ்டு மாதம் கப்பல் கிளம்பியது. செப்டம்பரில் நடுக்கடலில் கட்டர் இறந்துபோனார். அக்டோபரில் கப்பல் லிவர்பூல் சேர்ந்தது.

கட்டரின் மனைவி நீதிமன்றம் போனார். “என் கணவர் முழுப் பயணமும் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஏழு வாரம் வேலை செய்தாரே, அதற்குரிய பங்கையாவது கொடுங்கள்” என்றுதான் கேட்டார். 1795-இல் தீர்ப்பு வந்தது. ஒரு காசும் இல்லை. ஊர் சேர்ந்தால் முழுச் சம்பளம், சேராவிட்டால் ஒன்றுமில்லை, ஒப்பந்தம் முழுமையானது, அதைத் துண்டு போட முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

பாதியில் போனால் பாதிச் சம்பளம்கூடக் கிடையாது என்ற எண்ணம் எவ்வளவு பழையது, எவ்வளவு கனமானது என்று பாருங்கள். செத்துப் போனவரையே “பாதியில் போனவர்” என்று கணக்கில் வைத்தது அந்தக் காலத்துச் சட்டம். அந்த எண்ணத்தோடுதான் வெள்ளைக்காரத் துரைமார்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களுடைய கப்பலின் கீழ்த்தட்டில் நம்மவர்களும் வந்தார்கள்.

மூன்று வருடச் சீட்டு

நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1881-இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் வந்து அத்தாப்புக் கூரை வீடுகள் அழிந்தன. பிறகு ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டச் சொன்னார். காப்பித்தான் யாப் ஆ லோய் இந்தப் பக்கம் செங்கல் சூளை போட்டார். அப்படித்தான் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் வந்தது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வேயோடு இரண்டு வகைத் தமிழர்கள் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமார்களாக, ஸ்டேஷன் மாஸ்டர்களாக வந்தவர்கள் ஒரு வகை. தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளம் போட வந்தவர்கள் இன்னொரு வகை.

கிராணிக்கு மாதச் சம்பளம். வேலையை விட்டால் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தண்டவாளத்திலும் தோட்டத்திலும் நின்றவனுக்கு அந்த வசதி கிடையாது.

காப்பித் தோட்டம், கரும்புத் தோட்டம், பிறகு ரப்பர்த் தோட்டம். அங்கே ஒப்பந்தக் கூலியாக வந்தவர் மூன்று வருடச் சீட்டில் கைநாட்டு வைத்து வந்தார். கப்பல் கட்டணம் அவர் தலையில் கடனாக ஏறியது. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதோடு போகவில்லை. வேலைக்கு வராத நாட்களைச் சீட்டுக் காலத்தோடு கூட்டினார்கள். மூன்று வருடம் நான்காக நீளும். இடையில் ஓடிப்போனால் அது கடன் தகராறு இல்லை, குற்றம். போலீஸ் பிடித்து வரும், மாஜிஸ்திரேட் சிறையில் போடுவார்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓடிப்போகிறவன் எதை விட்டுவிட்டு ஓடுகிறான்? வேலை செய்து முடித்த நாட்களின் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடுகிறான். அது முதலாளி கையிலேயே தங்கிவிடும். அவன் திரும்பி வந்து கேட்க முடியாது. கேட்டால் சிறை.

இது மலாயாவில் மட்டும் நடந்ததில்லை. இந்தியாவிலேயே 1859-இல் ஒரு சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை முடிக்காமல் போன தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். சம்பளம் கொடுக்காத முதலாளியைச் சிறையில் போட அதில் ஏற்பாடு இல்லை. அந்தச் சட்டத்தை நீக்குவதற்கு 1925 வரை ஆயிற்று.

துண்டு என்ற சிறு காகிதம்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்த முறையையும் சொல்ல வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆங்கிலேயத் துரைகளும் தங்கள் அறிக்கைகளில் அதை நம் தமிழ்ச் சொல்லாலேயே எழுதினார்கள்.

துண்டு என்றால் என்ன? ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டம் மாற நினைத்தால், துரையிடம் துண்டு கேட்க வேண்டும். துரை ஒரு காகிதத்தில் எழுதித் தருவார். “இத்தனை பேர், இவர்கள் மீது இவ்வளவு ரூபாய் கடன். இந்தத் தொகையைக் கொடுத்தால் இவர்களை விடுவிப்பேன்.” கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். எந்தத் துரை அந்தக் கடனைக் கட்டுகிறாரோ அவர் தோட்டத்துக்கு ஆட்கள் போவார்கள். கடன் அங்கே அவர்கள் பேரில் மறுபடி ஏறும்.

கணக்கு முடிந்தது என்பதே அந்த வாழ்க்கையில் கிடையாது. சம்பளம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது கங்காணிக்கும் கிராணிக்கும் தெரியும். வேலை செய்தவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடன் இருக்கிறது என்பது மட்டும்தான். 1921-இல் போட்ட தொழிலாளர் சட்டத்தால்தான் இலங்கையில் துண்டு முறை ஒழிந்தது.

இன்றைக்கு நம் ஊரில் ஒரு முதலாளி, “ரிலீஸ் லெட்டர் தரமாட்டேன், கணக்கு முடியவில்லை” என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. காகிதம் மாறியிருக்கிறது. பிடி மாறவில்லை. (கைதட்டல்)

ஒரு மாத நோட்டீஸ் வந்த கதை

மலாயாவுக்கு வருவோம். ரப்பர் விலை ஏறியபோது தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. ஒப்பந்தச் சீட்டில் வந்தவர்களை விட, கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களை அழைத்து வருகிற முறை பெரிதாக வளர்ந்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆள் கொண்டுவரும் செலவை முதலாளிகள் எல்லோரும் அந்த நிதியில் சேர்ந்து கட்ட வேண்டும். கப்பல் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டுவதற்கு இருந்த சாக்கு இதனால் குறைந்தது. 1910-இல் புதிய ஒப்பந்தச் சீட்டுகள் நிறுத்தப்பட்டன.

1912-இல் மலாய் கூட்டு மாநிலங்களுக்கு ஒரு தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து இந்தியத் தொழிலாளி வேலையை விடலாம் என்ற நிலை வந்தது. 1923-இல் வந்த தொகுப்பில், வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கித் தண்டிக்கும் பிரிவுகள் நீக்கப்பட்டன.

காகிதத்தில் இது பெரிய விடுதலை. நடைமுறையில் என்ன நடந்தது? கங்காணிக்கு ஒவ்வொரு ஆள் வேலைக்கு வரும்போதும் தலைக்காசு கிடைக்கும். ஆள் போனால் தலைக்காசு போகும். அதனால் ஆளைப் பிடித்து வைக்க அவனுக்கு ஆசை. கங்காணியிடமும் கடைக்காரரிடமும் கடன் இருக்கும். சம்பள நாளன்று மேசையில் காசு எண்ணி வைக்கும்போதே கடனுக்குக் கை நீளும். சட்டம் போகலாம் என்று சொல்கிறது. கணக்கு போக முடியாது என்று சொல்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1941-ஆம் வருடத்துக்கு வாருங்கள். இங்கிருந்து முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற கிள்ளான். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கிற சம்பளம் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்றார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை வேண்டும் என்றார்கள். சங்கம் வைக்கும் உரிமை வேண்டும் என்றார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின.

அந்தக் கோரிக்கைகளில் கடைசிச் சம்பளம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் எல்லாக் கோரிக்கைக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருந்தது. இந்த இடம் பிடிக்காவிட்டால் தலை நிமிர்ந்து வெளியே போக முடிய வேண்டும். வெளியே போக முடியாதவனிடம்தான் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்ல முடியும்.

பிரிவுக்குப் பிரிவு ஒரு தழும்பு

போர் முடிந்தது. சங்கங்கள் வளர்ந்தன, ஒடுக்கப்பட்டன, மறுபடி வளர்ந்தன. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955-இல் முதல் பொதுத் தேர்தல். அந்த அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றவர் வீ.தி. சம்பந்தன். இந்த அரங்கத்துக்கு நீங்கள் வந்த பெரிய வீதி அவர் பெயரில்தான் இருக்கிறது. அதே 1955-இல் எழுதப்பட்ட வேலைச் சட்டம், மெர்டேக்காவுக்கு மூன்று மாதம் முன்னால், 1957 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தைச் சட்டப் புத்தகமாக மட்டும் படிக்காதீர்கள். நம் வரலாறாகப் படித்துப் பாருங்கள்.

முன்பணத்துக்கு வட்டி வாங்கக் கூடாது என்று ஒரு பிரிவு. ஏன்? வட்டி வாங்கினார்கள். சம்பளத்தை எந்தக் கடையில், எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது என்று ஒரு பிரிவு. ஏன்? நிபந்தனை போட்டார்கள். மதுக்கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. இங்கிலாந்திலேயே 1883-இல் இப்படி ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. நம் தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். குத்தகைக்காரர் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால், வேலையைக் கொடுத்த பெரிய முதலாளியும் பொறுப்பு, மூன்று மாதச் சம்பளம் வரை, என்று ஒரு பிரிவு. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு பிரிவும் ஒரு பழைய காயத்தின் தழும்பு. 20-ஆவது பிரிவும் அப்படித்தான். “வேலை முடிகிற அன்றைக்கே” என்று எழுதினார்கள் என்றால், அதற்கு முன்னால் இருந்த நூறு வருடமும் “அன்றைக்கு” என்பது வராமலே போனது என்று பொருள்.

15-ஆவது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். சட்டப்படி சம்பளம் கொடுக்காத முதலாளி ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். தொழிலாளி அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல், தகவலும் சொல்லாமல் இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்தால் அவர் முறித்தவராகக் கருதப்படுவார். 1859-இல் ஒரு பக்கம் மட்டும் இருந்த சட்டம், இங்கே இரண்டு பக்கமும் பார்க்கிறது.

அண்டை நாடுகளிலும் இதே திசைதான். இந்தியாவில் 1936-இல் வந்த ஊதியம் வழங்கல் சட்டம், முதலாளி வேலையிலிருந்து நீக்கினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடு என்றது. தானாக விலகுகிறவரைப் பற்றி அந்த வரி பேசவில்லை. 2019-இல் எழுதிய ஊதியச் சட்டத் தொகுப்பில்தான், ராஜினாமா செய்தவருக்கும் அதே இரண்டு வேலை நாள் என்று சேர்த்தார்கள். அது 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. சிங்கப்பூரில் நோட்டீஸ் காலம் முடித்துப் போகிறவருக்குக் கடைசி நாளன்றே, நோட்டீஸ் இல்லாமல் போகிறவருக்கு ஏழு நாளுக்குள். விலகிப் போகிறவருக்கும் அன்றைக்கே என்று நம் நாட்டில் 1955-லேயே எழுதிவிட்டார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

வெளியே நின்றவர்கள்

ஆனால் பெருமையோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் நீண்ட காலம் எல்லோருக்கும் பொருந்தவில்லை. உடலுழைப்புத் தொழிலாளிக்குச் சம்பளம் எவ்வளவானாலும் பாதுகாப்பு உண்டு. அலுவலகத்தில், கடையில் வேலை செய்கிறவருக்குச் சம்பள வரம்பு இருந்தது. 2012 ஏப்ரலுக்கு முன்னால் அந்த வரம்பு 1,500 வெள்ளி. பிறகு 2,000 வெள்ளி. அதற்கு மேல் வாங்குகிற கணக்கரும் கணினிப் பொறியாளரும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பழைய காலத்தில் கிராணிக்குச் சலுகை, கூலிக்குச் சிறை. பிறகு கூலிக்காரருக்குச் சட்டம், கிராணியின் பேரப்பிள்ளைக்குச் சட்டம் இல்லை. காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள். (சிரிப்பு)

2023 ஜனவரி 1 முதல் இது மாறியது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும், சம்பளம் எவ்வளவானாலும், வேலை ஒப்பந்தத்தில் இருக்கிற எல்லோருக்கும் வேலைச் சட்டம் பொருந்தும். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மிகைநேரச் சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற சில பிரிவுகள் மட்டும் பொருந்தாது. சம்பள நாள் பற்றிய பிரிவுகள் அவர்களுக்கும் உண்டு. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன.

முதலாளி அண்ணனுக்குப் பதில்

இப்போது முதலாளிகள் பக்கம் பேசிய அண்ணனுக்கு வருகிறேன். சட்டம் உங்களைக் கைவிடவில்லை, அண்ணே. நோட்டீஸ் கொடுக்காமல் ஒருவர் போனால், நோட்டீஸ் காலத்துச் சம்பளத்துக்குச் சமமான தொகையை அவர் உங்களுக்கு ஈடாகத் தர வேண்டும். அதைக் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். வட்டியில்லாமல் கொடுத்த முன்பணத்தின் பாக்கியைக் கழிக்கலாம். தவறுதலாக, முந்தைய மூன்று மாதத்துக்குள் கூடுதலாகக் கொடுத்துவிட்டதைக் கழிக்கலாம். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்ற வரம்புகூட, உங்களுக்கு வர வேண்டிய பாக்கியைக் கடைசிச் சம்பளத்தில் கழிக்கும்போது கிடையாது. எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நோட்டீஸ் காலம், இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் ஆறு வாரம், ஐந்துக்கு மேல் எட்டு வாரம். சரக்கு சரிபார்க்க நான்கு வாரம் போதாதா? சாவி வாங்க நான்கு வாரம் போதாதா? (கைதட்டல்)

உங்களால் செய்ய முடியாதது என்ன தெரியுமா? “கண்ணாடி உடைந்தது, அதற்கு இவ்வளவு. ஆள் தேட விளம்பரம் கொடுத்தேன், அதற்கு இவ்வளவு” என்று உங்கள் இஷ்டத்துக்குக் கழிப்பது. சட்டம் அனுமதித்த பட்டியலில் இல்லாததைக் கழிக்க முடியாது. அதே போல, “அடுத்த மாதம் எல்லோருக்கும் சம்பளம் போடும்போது போடுகிறேன்” என்று தள்ளுவதும் முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. நாட்டை விட்டே போகிறவர் போன்ற சில நிலைகளில், வருமான வரி இலாகாவுக்குத் தெரிவித்து அதன் பதில் வரும் வரை பணத்தை நிறுத்தி வைக்க வரிச் சட்டமே சொல்கிறது. அதைச் சாக்காக வைத்து எல்லோருக்கும் நிறுத்துவது நியாயமில்லை.

கணக்குப் போடுவதும் கடினமில்லை. 2023-இல் சட்டத்தில் அதற்கும் சூத்திரம் சேர்த்துவிட்டார்கள். மாதச் சம்பளத்தை அந்தச் சம்பள காலத்து நாட்களால் வகுத்து, வேலையில் இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். 3,100 வெள்ளி சம்பளக்காரர் ஜூலை 17-ஆம் தேதியோடு விலகினால், 31 நாளால் வகுத்தால் நாளுக்கு 100 வெள்ளி. பதினேழு நாளுக்கு 1,700 வெள்ளி. கட்டரின் மனைவி 1795-இல் கேட்டதும் இந்தக் கணக்கைத்தான். அந்த அம்மாவுக்குக் கிடைக்காதது இன்றைக்கு நம் சட்டத்தில் எழுத்தாக இருக்கிறது.

தங்கைக்கும் சில வார்த்தைகள்

தொழிலாளர் பக்கம் பேசிய தங்கைக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உரிமை இருக்கிறது என்று கைதட்டினால் மட்டும் போதாது. வேலையை விடும்போது எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் “நாளையிலிருந்து வரமாட்டேன்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாள் எது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். சாவி, சீருடை, கம்பெனி கைபேசி, எல்லாவற்றையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். கடைசிச் சம்பளத்துக்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா கட்ட வேண்டும். அது கட்டியிருக்கிறதா என்று அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குப் பிறகு பாருங்கள்.

அன்றைக்குப் பணம் வரவில்லை என்றால், முதலில் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், ‘ஜாபத்தான் தெனாகா கெர்ஜா’ என்னும் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி இலாகாவே விசாரித்து, இரு தரப்பையும் கேட்டு, பணத்தைக் கொடுக்கும்படி உத்தரவு போடலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சம்பளப் பிரிவுகளை மீறுகிற முதலாளிக்கு நீதிமன்றத்தில் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

“ஒரு பதினைந்து நாள் சம்பளம்தானே, போனால் போகட்டும், அலைய முடியாது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். நீங்கள் விட்டுக் கொடுப்பது உங்கள் பதினைந்து நாளை மட்டும் இல்லை. உங்களுக்குப் பின்னால் அதே கடையில், அதே அலுவலகத்தில் வேலையை விட நினைக்கிறவர், “போனவனுக்கே கொடுக்கவில்லை, நான் போனால் எனக்கும் கிடைக்காது” என்று பயந்து நின்றுவிடுகிறார். பிடித்து வைத்த ஒருவர் சம்பளம், வேலையில் இருக்கிற பத்துப் பேரைக் கட்டிப் போடுகிறது. தோட்டத்தில் நடந்தது அதுதான். ஓடிப்போனவனுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து நம் உணவகங்களிலும் கடைகளிலும் வேலை செய்கிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். சம்பள நாள் பற்றிய பிரிவுகள் குடியுரிமை கேட்பதில்லை. நம் பாட்டன் கப்பலில் வந்து பட்ட பாட்டை, விமானத்தில் வந்த இன்னொருவன் நம் கையால் பட வேண்டாம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். கடைசிச் சம்பளம் என்பது முதலாளி கொடுக்கிற வழியனுப்புப் பரிசு இல்லை. வேலை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, காசு ஏற்கெனவே தொழிலாளியுடையது. வேலையை விட்டுப் போக முடிகிறவனுக்குத்தான் தொழிலாளி என்று பெயர். போக முடியாதவனுக்கு என்ன பெயர் என்று நம் வரலாறு நமக்குச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெயர் நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் இனி யாருக்கும் வேண்டாம்.